பாட்டியின் இரண்டு கேள்விகள்

"ஏன் கண்ணு, இதைத் தின்னு முடிச்சப்புறம் இந்தத் தாளை என்னா பண்ணுவாங்க?"

என் பாட்டி கேட்ட முதல் கேள்வி இது. அப்போது அவர் கையில் இருந்தது, மூன்று மாதங்களாக நான் வரைந்தும் அழித்தும் மீண்டும் வரைந்தும் முடித்த ஒரு சாக்லெட் மேலுறை. அதன் நடுவில் பாட்டியின் முகம். தலையில் சுற்றிய துண்டு, நெற்றி நிறையப் பொட்டு, வெற்றிலைக் கறை படிந்த சிரிப்பு. பாராட்டை எதிர்பார்த்து நின்ற எனக்கு அந்தக் கேள்வியின் ஆழம் புரியவில்லை.

"என்னா பண்ணுவாங்க பாட்டி, பிரிச்சுச் சாப்பிட்டுட்டுத் தூக்கிப் போட்டுருவாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

பாட்டி சிரிக்கவில்லை. மேலுறையை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அன்பு நண்பர்களே, அந்த ஒரு கேள்விக்கு விடை தேடிய கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். வடிவமைப்புத் துறையில் படிக்கும் ஒரு மாணவி சாக்லெட் செய்யக் கற்றுக்கொண்ட கதை என்றும் இதைச் சொல்லலாம்.

நான் பிறந்து வளர்ந்தது பேராக் மாநிலத்தின் பாகான் டத்தோ வட்டாரத்தில். கடற்காற்று வீசும் ஊர். தென்னையும் செம்பனையும்தான் எங்கள் அடிவானம். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநர். அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறார். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, 2015-ஆம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு எழுதி, தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனேன்.

முதல் வாரம் வகுப்பாசிரியர் ஒவ்வொருவரையும் எழுந்து நின்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார். நாற்பது பேர் இருந்த வகுப்பில் தமிழ் மாணவர்கள் மூவர்தான். ஒருவன் தன் தந்தை பொறியியலாளர் என்றான். இன்னொருத்தி தன் தாத்தா தலைமையாசிரியராக இருந்தவர் என்றாள். என் முறை வந்ததும் தோட்டத்தின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. "தெலுக் இந்தான்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். பாட்டி என்ன வேலை செய்தார் என்று தோழி கேட்டபோது, "வீட்டில்தான் இருந்தார்" என்றேன். பன்னிரண்டு வயதில் சொன்ன சின்னப் பொய். ஆனால் அது என்னோடு பத்தாண்டுகள் நடந்து வந்தது.

படம் வரைவது மட்டும் எனக்கு எந்த மொழியிலும் தயக்கமில்லாமல் வந்தது. வரலாற்றுப் புத்தகத்தின் ஓரங்களெல்லாம் என் கேலிச்சித்திரங்கள்தாம். 2021-இன் தொடக்கத்தில், பெருந்தொற்றால் தள்ளிப்போன எஸ்.பி.எம். தேர்வை எழுதி முடித்தபோது, வரைகலை வடிவமைப்புத்தான் படிப்பேன் என்று வீட்டில் சொன்னேன்.

"படம் வரைஞ்சா சோறு போடுமா?" என்று அப்பா கேட்டார். கோபமாக அல்ல, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் அப்போது பதில் இல்லை.

பல்கலைக்கழகத்தில் என்னைக் கவர்ந்த பாடம் காட்சிவழிக் கதைசொல்லல். எதை முதலில் காட்டுவது, எதை மறைத்து வைப்பது, பார்ப்பவரின் கண்ணை எந்த வழியே நடத்திச் செல்வது என்பதே அதன் சாரம். சுவரொட்டி ஒரே பார்வையில் முடிந்துவிடும். படக்கதை பக்கம் பக்கமாக நகரும். பொதியுறைக்கோ இவ்விரண்டுக்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. அதை வாசகரே தம் கையால் திறக்க வேண்டும். திறக்கும் ஒவ்வொரு மடிப்பும் கதையில் ஒரு திருப்பம்.

இந்த வசதியை நன்கு பயன்படுத்தியவர்களுள் சாக்லெட் செய்வோர் முக்கியமானவர்கள். இங்கிலாந்தின் பெர்மிங்ஹாம் நகரில் சாக்லெட் தொழிற்சாலை நடத்திய ரிச்சர்ட் கேட்பரி ஓவியம் தீட்டத் தெரிந்தவர். 1868-ஆம் ஆண்டில் அவர் தம் சாக்லெட் பெட்டிகளின் மூடிகளுக்குத் தாமே படம் வரைந்தார். சாக்லெட் தீர்ந்த பின்னும் மக்கள் அப்படிப்பட்ட பெட்டிகளை எறியவில்லை. கடிதமும் சிறுபொருளும் போட்டு வைத்துக்கொண்டார்கள். ஆஸ்திரியாவில் ஜோசப் சோட்டர் என்பவர் சாக்லெட் செய்ய, ஆண்ட்ரியாஸ் கிராட்சே என்ற ஓவியர் அதன் மேலுறைகளை வரைகிறார். ஒவ்வொரு சுவைக்கும் ஓர் ஓவியம். வியட்னாமில் 2011-ஆம் ஆண்டு இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மாரூ நிறுவனம், பென் திரே, தியன் சாங் என்று கொக்கோ விளைந்த வட்டாரத்தின் பெயரையே சாக்லெட்டுக்குச் சூட்டியது. நெதர்லாந்தின் டோனிஸ் சோக்கோலோன்லி இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் சாக்லெட் கட்டியில் துண்டுகள் ஒரே அளவில் இருக்கமாட்டா. கொக்கோ வணிகத்தில் பங்கீடு சமமாக இல்லை என்பதைச் சாக்லெட்டின் உருவத்தாலேயே சொல்லிவிட்டார்கள்.

இவற்றையெல்லாம் படித்துக்கொண்டிருந்த ஓர் இரவில்தான் எனக்குத் திடீரென்று உறைத்தது. வியட்னாம் கொக்கோவைப் பற்றி இவ்வளவு வியந்து படிக்கிறேனே, என் பாட்டி பதினோரு ஆண்டுகள் கொக்கோக் காட்டில் வேலை செய்தவர் ஆயிற்றே!

இன்றைய மாணவர்கள் பலருக்கு இது வியப்பாக இருக்கலாம். மலேசியத் தமிழர் என்றாலே பால்மரமும் செம்பனையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் 1980-களில் மலேசியா உலகின் முன்னணிக் கொக்கோ நாடுகளுள் ஒன்றாக இருந்தது. 1989-இல் நான்கு இலட்சம் ஹெக்டருக்கு மேல் கொக்கோ பயிரிடப்பட்டிருந்தது. 1990-இல் விளைச்சல் ஏறத்தாழ 2 இலட்சத்து 47 ஆயிரம் டன். மலேசியக் கொக்கோ வாரியம் அமைக்கப்பட்டதும் 1989-இல்தான். எங்கள் வட்டாரத்தில் தென்னை மரங்களுக்கு இடையே ஊடுபயிராகக் கொக்கோ நின்றது. தென்னையின் நிழல் கொக்கோவுக்கு இதம்.

பிறகு விலை சரிந்தது. காய்த் துளைப்பான் என்ற சிறு அந்துப்பூச்சி வேறு வந்து சேர்ந்தது. 1980-இல் சபாவில் தலைகாட்டிய அது 1986-இல் தீபகற்பத்துக்கும் வந்துவிட்டது. அதன் புழு காய்க்குள் துளைத்துப் போனால் கொட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டுப்போகும். செம்பனையோ கைநிறைய வருமானம் தந்தது. தோட்டங்கள் கொக்கோவை வெட்டிச் சாய்த்தன. இன்று நாடு முழுவதும் பத்தாயிரம் ஹெக்டர்கூட இல்லை. ஆனாலும் ஆசியாவில் கொக்கோவை அரைத்துப் பதப்படுத்தும் பெரிய நாடுகளுள் ஒன்றாகவே மலேசியா இருக்கிறது. கொட்டைதான் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது.

2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கொக்கோ விலை டன்னுக்கு 12,000 அமெரிக்க டாலரைத் தாண்டி, பின்னர் இறங்கியது. அந்தச் செய்தியைப் பாட்டியிடம் சொன்னபோது, "நாங்க வெட்டிப் போட்ட மரத்துக்கா இவ்வளவு வெல?" என்று வாயில் கைவைத்துக்கொண்டார்.

இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு என் தலைப்பு முடிவாகிவிட்டது. பாட்டியின் கொக்கோ வாழ்க்கையைச் சொல்லும் ஒரு சாக்லெட் பொதியுறை. உள்ளே வைக்கும் சாக்லெட்டையும் நானே செய்வது.

விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். பாட்டியை உட்கார வைத்துக் கேட்கக் கேட்க, அவர் சொல்லிக்கொண்டே போனார். விடியற்காலைப் பெரட்டு, கங்காணியின் பெயர் கூப்பிடும் குரல், கொசுக்கடி, காலில் ஏறும் செவ்வெறும்பு. கொக்கோக் காய் கிளையில் மட்டுமன்று, அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கும். ஆண்கள் வெட்டிப் போட, பெண்கள் உடைப்பார்கள். ஒரு காய்க்குள் முப்பது நாற்பது கொட்டைகள். அவற்றைச் சுற்றி வெள்ளைச் சதை. அதைச் சப்பினால் இனிப்பும் புளிப்புமாக இருக்குமாம். அப்பாவும் அத்தையும் சின்ன வயதில் ஆயாக் கொட்டகையிலிருந்து ஓடிவந்து அதைச் சப்புவார்களாம்.

"அப்ப சாக்லெட் சாப்பிட்டதில்லையா பாட்டி?"

"அது எங்க கெடைச்சுச்சு? இந்தக் கொட்டைலதான் சாக்லெட் செய்வாங்கன்னே கிராணி சம்சாரம் சொல்லித்தான் தெரியும்."

நான் வரைந்த முதல் படத்தில் ஒரு பெண் காயைப் பிடித்து முறுக்கிப் பறித்துக்கொண்டிருந்தாள். பாட்டி பார்த்ததுமே தலையாட்டினார். "இப்படிப் பறிச்சா தொங்கிக்கிட்டே அடி வாங்கணும். காம்புல கத்திய வச்சு வெட்டணும். முறுக்கி இழுத்தா பட்டையோட கண்ணு வந்துரும். கண்ணு போனா அந்த எடத்துல மறுபடி பூக்காது."

மரத்தில் பூ விடும் இடத்தைத்தான் கண்ணு என்கிறார். கொக்கோவில் ஒரே இடத்தில்தான் ஆண்டுதோறும் பூக்கள் தோன்றும். அந்த இடம் காயப்பட்டால் அங்கே விளைச்சல் நின்றுவிடும். பின்னர் நூல்களிலும் இதைப் படித்தேன். நூலில் படிக்கும் முன்பே எனக்கு இதைச் சொன்னவர் பள்ளிக்கூடம் போகாத என் பாட்டி.

அடுத்து சாக்லெட் செய்யும் படலம். தென்னைக்கு ஊடே இன்னும் கொக்கோ வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர் ஒருவரிடம், புளிக்கவைத்துக் காயவைத்த கொட்டை மூன்று கிலோ வாங்கினேன். கிலோ 35 வெள்ளி. அடுப்புப் பெட்டியில் 125 பாகையில் இருபத்தைந்து நிமிடம் வறுத்தேன். வீடே மணத்தது. வறுத்ததை நொறுக்கித் தோலை நீக்க வேண்டும். இணையத்தில் பார்த்தபடி முடி உலர்த்தும் கருவியால் ஊதினேன். தோல் பாதி, பருப்பு பாதி எனத் தரையெங்கும் பறந்தது. பாட்டி ஒன்றும் சொல்லாமல் முறத்தை எடுத்துவந்தார். நான்கு தட்டு, ஒரு புடைப்பு. தோல் எல்லாம் வெளியே. பருப்பு எல்லாம் உள்ளே.

அரைப்பதற்கு என்ன செய்வது? இங்கேதான் நம்மவர் பெருமைப்பட ஒரு செய்தி இருக்கிறது. 2000-ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், அமெரிக்காவில் வீட்டிலேயே சாக்லெட் செய்ய முயன்றவர்களுக்குச் சிறிய அரைவை இயந்திரம் கிடைக்கவில்லை. அவர்கள் கடைசியில் கண்டுபிடித்தது எதைத் தெரியுமா? இட்லி மாவு அரைக்கும் நம் கிரைண்டரை! கருங்கல் தளத்தின்மேல் கல் உருளைகள் சுழலும் அந்த அமைப்பே கொக்கோவையும் மழமழவென்று அரைத்தது. இன்று உலகெங்கும் சிறு சாக்லெட் தயாரிப்பாளர்கள் பயன்படுத்தும் மேசை அரைவைகள் பல அந்த வழியில் வந்தவையே. கோயம்புத்தூர் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது.

ஆர்வக் கோளாறில் கிரைண்டரைக் கழுவிவிட்டு, சரியாகக் காயவிடாமல் பருப்பைப் போட்டேன். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் அரைந்தது. பிறகு கூழாக இருந்தது திடீரென்று களிமண்ணாகத் திரண்டு கல்லோடு ஒட்டிக்கொண்டது. சாக்லெட்டுக்குத் தண்ணீர் ஆகாது. சில சொட்டுகள் போதும், சர்க்கரை நனைந்து பசையாகி எல்லாம் கட்டிவிடும். முக்கால் கிலோ பருப்பு வீண். நான் அழுதேவிட்டேன்.

பாட்டி கிரைண்டரை எட்டிப் பார்த்தார். "ஆறு நாள் வேர்க்கப் போட்டு, ஒரு வாரம் காயப் போட்டு, நாங்க வெரட்டுன தண்ணிய நீ திரும்பக் கூப்பிட்டா, அது சும்மாவா இருக்கும்?"

இரண்டாம் முறை கிரைண்டரை வெயிலில் நாள் முழுதும் காயவைத்தேன். விட்டுவிட்டு இருபது மணி நேரம் ஓடியது. ஓயாமல் ஓடுவதற்கு அது செய்யப்பட்டதில்லை அல்லவா, வார்ப்பட்டை கருகி அறுந்தது. புதியது மாட்டி மீண்டும் ஓட்டினேன். அடுத்தது பதமாக்குதல். உருக்கிய சாக்லெட்டை 28 பாகைக்குக் குளிரவைத்து, மறுபடியும் 31 பாகைக்குச் சூடேற்றினால்தான் கொக்கோக் கொழுப்பு சரியான படிகமாக உறையும், பளபளக்கும், உடைத்தால் 'டக்' என்று சத்தம் வரும். எங்கள் வீட்டுக் கூடத்தின் வெப்பமே 31 பாகை! எனவே சித்தி வீட்டுக் குளிரூட்டப்பட்ட படுக்கையறையில், கட்டில் பக்கத்தில் பாய் விரித்து அதைச் செய்தேன். மூன்றாம் முறைதான் வந்தது.

மேலுறையும் முடிந்தது. திட்டப்பணி மேற்பார்வையாளருக்கு மிகவும் பிடித்துவிட்டது. "இந்த முகம்தான் விற்கும்" என்றார். அந்த மகிழ்ச்சியோடு ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டியபோதுதான் பாட்டி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் நானே பேச்செடுத்தேன்.

"புடிக்கலையா பாட்டி?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எம் மொகத்தக் கசக்கிக் குப்பைத்தொட்டில போடுவாங்க. மழை பேஞ்சா சாக்கடைல கெடக்கும். நாலு பேரு மிதிப்பாங்க. வேணாம் கண்ணு."

"இது உங்களுக்குப் பெருமை பாட்டி. எத்தனையோ பேர் உங்க கதையைத் தெரிஞ்சுக்குவாங்க."

"பெருமைதான். ஆனா என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?"

எனக்குப் பேச்சு எழவில்லை.

திட்டப்பணியை ஒப்படைக்க மூன்று வாரம்தான் இருந்தது. நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "பாட்டிக்கு எங்கே தெரியப்போகிறது, அப்படியே அனுப்பு" என்றாள் ஒருத்தி. "செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் வேறொரு பாட்டியின் முகத்தை நொடியில் வரைந்து தரும்" என்றான் ஒருவன். செய்யலாம்தான். ஆனால் கொக்கோக் காட்டையே பார்த்திராத, பிறந்தே இராத ஒரு முகத்தை வைத்து யாருடைய கதையைச் சொல்வது?

மூன்று இரவுகள் தூக்கம் வரவில்லை. முதலாம் படிவத்தில் நான் சொன்ன பொய்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அன்று வெட்கப்பட்டு அவரை மறைத்தேன். இன்று பெருமைப்பட்டு அவரை மேடையேற்றினேன். இரண்டு முறையும் அவரைக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பேருந்து ஏறி ஊருக்குப் போனேன். பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் எதை வரையலாம் பாட்டி, நீங்களே சொல்லுங்க" என்றேன்.

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார். இடக்கைக் கட்டைவிரலில் ஒரு நீளமான தழும்பு. காய் உடைக்கும்போது கத்தி வழுக்கிய அடையாளம்.

"கைய வேணும்னா போடு. அது கிழிஞ்சாப் பரவால்ல. முன்னாடியே கிழிஞ்ச கைதானே."

அந்த வார இறுதி முழுவதும் அவர் கைகளையே வரைந்தேன். கையில் தேங்காயைக் கொடுத்துக் காய் உடைக்கச் சொன்னேன். முறம் பிடிக்கச் சொன்னேன். பழைய கத்தியைத் தேடி எடுத்துக் காம்பு வெட்டிக் காட்டினார். எழுபத்தைந்து வயதுக் கைகள் கத்தியைத் தொட்டதும் இளமையாகிவிட்டன என்றால் மிகையாகாது.

புதிய மேலுறைக்கு ஆறு மடிப்புகள். வெளியே அடிமரத்தில் காய்த்த ஒற்றைக் காய் மட்டும். பிரிக்கப் பிரிக்க, ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு வேலையும் அதைச் செய்யும் கைகளும். வெட்டு. உடைப்பு. வழிப்பு. வேர்க்கப் போடு. காயப் போடு. இவை பாட்டி சொன்ன சொற்கள்; நான் ஒன்றையும் மாற்றவில்லை. ஆறாவது மடிப்பில் விரிந்த ஓர் உள்ளங்கை. சாக்லெட் அதன்மேல்தான் இருக்கும். தின்று முடித்தால் வெறுங்கை மிஞ்சும்.

பாட்டியின் கேள்விக்கு இன்னொரு விடையும் தேவைப்பட்டது. ரிச்சர்ட் கேட்பரியின் பெட்டிகள் நினைவுக்கு வந்தன. படம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, வைத்துக்கொள்ள ஒரு வசதியும் வேண்டும். எனவே கெட்டித் தாளைத் தேர்ந்தெடுத்தேன். மடிப்புகளை மாற்றி மடித்தால் உள்ளங்கை அளவுச் சிறு புத்தகமாகும்படி அமைத்தேன். இதற்காகப் பதினேழு மாதிரிகளை மடித்துப் பார்த்தேன். அச்சுச் செலவு கூடியது. ஆனாலும் இனி அதை யாரும் எளிதில் கசக்க முடியாது.

படைப்பு நாளில் நடுவர்கள் மூவர் இருந்தனர். "தமிழ் எழுத்து இவ்வளவு பெரிதாக வேண்டுமா? சந்தை சுருங்கிவிடாதா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். உள்நாட்டில் செய்யும் உணவுப் பொருளின் விவரச்சீட்டு மலாய் மொழியில் இருக்க வேண்டும் என்பது 1985-ஆம் ஆண்டின் உணவு விதிமுறை. பின்பக்கத்தில் அதை முறைப்படி செய்திருந்தேன். "பொருளின் விவரம் எல்லாரும் படிக்கும் மொழியில் இருக்கிறது. வேலையின் பெயர்கள் மட்டும் அந்த வேலை நடந்த மொழியில் இருக்கின்றன" என்று சொன்னேன். தேசியப்பள்ளியில் கற்ற மலாய் மொழியில்தான் அந்தப் பதிலைச் சொன்னேன். தோட்டத்தின் பெயரையும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை.

மேற்பார்வையாளருக்குப் பழைய முகம்தான் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. வகுப்பில் முதல் புள்ளியும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நடுவர்களுள் ஒருவர் சாக்லெட்டைத் தின்றுவிட்டு மேலுறையை மறுபடியும் மடித்துத் தம் கோப்புக்குள் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

கண்காட்சிக்கு அப்பா லோரிக்கு விடுப்பெடுத்து வந்தார். நான் எதையும் விளக்கவில்லை. ஒவ்வொரு படமாக நின்று பார்த்துக்கொண்டே வந்தவர், இரண்டாம் மடிப்பின் முன் நின்றுவிட்டார். வெகுநேரம் கழித்து, "இது அம்மா கை" என்றார். முகம் எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றியது. சோறு போடுமா என்ற பழைய கேள்வியை அவர் அன்று கேட்கவில்லை. ஆனால் அது இன்னும் இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பாட்டியால் அவ்வளவு தூரம் வர முடியவில்லை. நானே ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மடிப்புகளைப் பிரித்து, தம் கைகளைத் தாமே பார்த்து, உள்ளங்கைமேல் இருந்த துண்டை எடுத்து வாயில் போட்டார்.

"கசக்குது" என்றார். காப்பியைக் கொண்டுவரச் சொல்லி இன்னொரு துண்டையும் சாப்பிட்டார். பிறகு மேலுறையைச் சொல்லித்தந்தபடியே மடித்து, தம் அடையாள அட்டையும் பழைய தோட்டத்துச் சம்பளச் சீட்டுகளும் இருக்கும் தகரப் பெட்டிக்குள் வைத்தார். முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று நிம்மதியானேன்.

அப்போதுதான் இரண்டாம் கேள்வி வந்தது.

"ஒண்ணு எவ்வளவுக்கு விப்ப?"

"பதினஞ்சு வெள்ளி பாட்டி."

"பதினஞ்சா!" சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப காய் ஒடைக்கிறவளுக்கு எவ்வளவு குடுப்ப?"

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐம்பது கிராம் சாக்லெட்டில் எழுபது விழுக்காடு கொக்கோ. அதற்கு முப்பத்தைந்து கிராம் பருப்பு. தோல் நீங்கிய கழிவையும் சேர்த்தால் ஏறக்குறைய நாற்பத்தேழு கிராம் கொட்டை. கிலோ 35 வெள்ளி என்றால், பதினைந்து வெள்ளியில் தோட்டக்காரருக்குப் போவது ஏறத்தாழ 1 வெள்ளி 65 சென். காய் உடைப்பவருக்கு அதிலும் ஒரு பங்குதான். காகிதத்துக்கும் அச்சுக்கும் நான் அதைவிட அதிகம் கொடுத்திருக்கிறேன். பாட்டியின் கைகளைக் காட்டும் தாளின் விலை, அந்தக் கைகள் செய்த வேலையின் விலையைவிட அதிகம். எவ்வளவு அழகாக வரைந்தாலும் இந்தக் கணக்கு மாறப்போவதில்லை.

நண்பர்களே, அடுத்த மாதம் நான் ஷா ஆலாமில் ஒரு பொதி வடிவமைப்பு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்கிறேன். அப்பாவுக்கு நிம்மதி. சனி, ஞாயிறுகளில் சாக்லெட். முதல் விற்பனைக்கு நாற்பது கட்டிகள் செய்ய எண்ணியிருக்கிறேன். தோட்டக்காரருக்குக் கிலோவுக்கு 45 வெள்ளி தருவதாகச் சொல்லியிருக்கிறேன். கூடுதல் பத்து வெள்ளி உடைப்பவர் கைக்குப் போக வேண்டும் என்பது எங்கள் பேச்சு. ஒரு கட்டிக்கு நாற்பத்தேழு சென்தான் கூடுகிறது. மேலுறையின் உட்பக்கத்தில், அந்த உள்ளங்கைக்குக் கீழே, யாருக்கு எவ்வளவு போனது என்று சிறிய எழுத்தில் அச்சிடப்போகிறேன். இது முழு விடை இல்லை என்பது எனக்கே தெரியும். பாட்டியிடம் சொன்னேன். "சரி, ஆரம்பிச்சிருக்க" என்று மட்டும் சொன்னார்.

நம்மில் பலர் பாட்டி, தாத்தாவின் கதைகளோடுதான் இந்தப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்திருக்கிறோம். அவற்றை எழுதுங்கள், வரையுங்கள், படமெடுங்கள். ஆனால் அதற்கு முன் அவர்கள் பக்கத்தில் ஒரு மாலை உட்கார்ந்து, ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இழுத்துப் பறிக்காதீர்கள். காம்பில் வெட்டினால்தான் அந்த இடத்தில் மறுபடியும் பூக்கும்.